பெட்டி எதுவரை போகும்?

திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூர் செல்லும் ஏர்ஏசியா விமானத்துக்கான கவுண்ட்டரில் எனக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர் மெல்பர்னில் உள்ள மகள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். கயிறு போட்டுக் கட்டிய பெட்டியைத் தராசில் ஏற்றிவிட்டு, "இத மெல்பர்ன்லதானம்மா எடுத்துக்கணும்?" என்று கேட்டார். கவுண்ட்டரில் இருந்த பெண் கணினியை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லங்கய்யா, பெட்டி கோலாலம்பூர் வரைக்கும்தான் போகும். அங்க நீங்க எடுத்துக்கிட்டு வெளிய வந்து, அடுத்த விமானத்துல மறுபடி போடணும்" என்றார். பெரியவர் தம் கையிலிருந்த காகிதத்தை நீட்டினார். திருச்சி, கோலாலம்பூர், மெல்பர்ன் என்று மூன்று ஊர்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே பயணம் போலத்தான் அதில் அச்சாகியிருந்தன.

காகிதத்தை அச்சடித்தவர் ஏஜென்ட். விமான நிறுவனங்களின் கணக்கில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பயணங்கள். ஒரே நாளில் ஒரே ஆள் இரண்டு விமானங்களில் ஏறுகிறார் என்பது முதல் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் கூட இல்லை. பயணி தன்னோடு பெட்டியும் வருகிறது என்று நினைக்கிறார். உண்மையில் பெட்டி பயணியோடு போவதில்லை, டிக்கெட் என்னும் ஒப்பந்தம் எதுவரை எழுதப்பட்டிருக்கிறதோ அதுவரைதான் போகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் விமானங்களில் மாறிச் செல்வோர் படும் சிரமங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டைப் பணம் கட்டும்போதே பாராமல் விடுவதால் வருபவை.

இன்றைய விமான டிக்கெட் என்பது காகிதம் அன்று, ஓர் எண். 13 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் காட்டும்: 098 என்றால் ஏர் இந்தியா, 176 என்றால் எமிரேட்ஸ், 232 என்றால் மலேசியா ஏர்லைன்ஸ், 603 என்றால் ஸ்ரீலங்கன். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட் எண்ணின்கீழ் இருந்தால், ஓட்டுவது இரு வேறு நிறுவனங்களாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது ஒரே பயணம். ஆறு எழுத்து பி.என்.ஆர். எண்ணை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. சில இணையதளங்கள் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை வாங்கி, தங்களுடைய ஒரே முன்பதிவு எண்ணின்கீழ் சேர்த்துக் கொடுக்கின்றன. எனவே தேட வேண்டியது 13 இலக்க எண்ணைத்தான்.

ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் விமானத்துக்கும் சேர்த்து டிக்கெட் எழுதுவதற்கும், பெட்டியை அதனிடம் ஒப்படைப்பதற்கும் இரண்டுக்கும் இடையில் இன்டர்லைன் ஒப்பந்தம் இருக்க வேண்டும். வசூலான பணத்தை அவை தங்களுக்குள் தீர்த்துக்கொள்வதற்கென்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 1947ஆம் ஆண்டிலிருந்தே ஒரு தீர்வகத்தை நடத்தி வருகிறது. மலிவுக் கட்டண நிறுவனங்கள் வளர்ந்ததே இந்த ஏற்பாட்டைத் தவிர்த்துத்தான். இன்னொருவருடைய பெட்டிக்காகக் காத்திருப்பதும், இன்னொருவருடைய தாமதத்துக்காகப் பயணிக்கு ஓட்டல் அறை கொடுப்பதும் செலவு. அந்தச் செலவைக் கழித்ததால்தான் கட்டணம் குறைந்தது. இந்த மலிவுக் கட்டண முறையின் அடையாளமாகவே கருதப்படும் அயர்லாந்து நிறுவனமான ரயன்ஏர் இன்றும் புள்ளிக்குப் புள்ளி சேவையாகவே, அதாவது ஒவ்வொரு விமானமும் தனிப் பயணமாகவே, இயங்குகிறது. ஏர்ஏசியா தன் விமானத்திலிருந்து தன் விமானத்துக்கு, கோலாலம்பூர் வழியாக, ஒரே முன்பதிவில் பெட்டியைச் சேர்த்தனுப்பும். மற்றவருடைய விமானத்தில் தனியாக எடுத்த டிக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கான பதில் இதுதான்.

இங்கே அடிக்கடி குழப்பம் உண்டாக்குவது, விமான நிறுவனங்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட கூட்டணி என்ற சொல். ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்டு 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தோன்றின; ஏர் இந்தியா 2014இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. இரு நிறுவனங்களும் ஒரே கூட்டணியில் இருக்கின்றன, ஆகவே பெட்டி தானே போய்ச் சேரும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அந்த நம்பிக்கை சரி. தனித்தனி டிக்கெட்டுகள் என்றால் அது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது, விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. ஒன்வேர்ல்டு கூட்டணியை நிறுவியவற்றுள் ஒன்றான பிரிட்டிஷ் ஏர்வேஸ், தனித்தனி முன்பதிவுகளுக்கிடையே பெட்டியைச் சேர்த்தனுப்பும் வழக்கத்தை 2016இல் நிறுத்திக்கொண்டது. கவுண்ட்டரில் இருப்பவர் மனம் வைத்தால் நடக்கும் என்பது பழைய கதை. பல நிறுவனங்களில் இன்று கணினியே அனுமதிப்பதில்லை.

பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டப்படும் அந்த நீளமான பட்டையை ஒரு நிமிடம் படித்துப் பார்ப்பது நல்லது. பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துதான் பெட்டி போய்ச் சேரும் இடம். மெல்பர்னுக்கு 'எம்.இ.எல்.', கோலாலம்பூருக்கு 'கே.யு.எல்.', சென்னைக்கு 'எம்.ஏ.ஏ.'. இடையில் மாறும் நிலையங்கள் அதனருகே விமான எண்ணோடும் தேதியோடும் இருக்கும். கீழே கோடுகளாலான குறியீட்டுடன் ஒரு 10 இலக்க எண். அதன் முதல் இலக்கம் வழக்கமாக 0. அடுத்த மூன்று இலக்கங்கள் நிறுவனத்தின் எண். மீதி ஆறு அந்தப் பெட்டிக்கே உரிய எண். முதல் இலக்கம் 2 ஆக இருந்தால், உரியவர் முன்பே போய்விட, பெட்டி பின்னாலேயே அவசரமாக அனுப்பப்படுகிறது என்று பொருள். அந்தப் பத்து இலக்கங்கள்தான் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரப்படும் சிறு துண்டுச் சீட்டிலும் இருக்கின்றன. அதைக் கசக்கி எறிந்துவிட்டு, பின்னர் "நீலக் கலர் பெட்டிங்க" என்று சொல்லித் தேடுவோரை எல்லா விமான நிலையத்திலும் காணலாம்.

பெட்டி பெல்ட்டில் ஏறி மறைந்த பிறகு நடப்பது பயணியின் கண்ணுக்குத் தெரியாது. ஒரே டிக்கெட் என்றால், பெட்டியின் எண், உரியவரின் பெயர், அடுத்த விமானம், தேதி ஆகியவை அடங்கிய ஒரு செய்தி இடையில் மாறும் நிலையத்தின் கணினிக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. அங்கே இறக்கப்பட்ட பெட்டி, பயணிகள் எடுத்துக்கொள்ளும் பெல்ட்டுக்குப் போகாமல், இடைமாற்றப் பெட்டிகளுக்கான தனிப் பாதையில் ஏறுகிறது. அங்குள்ள கருவிகள் பத்து இலக்க எண்ணைப் படித்து, முன்பே வந்திருக்கும் செய்தியோடு பொருத்தி, உரிய விமானத்துக்கான சரிவில் தள்ளிவிடுகின்றன. பட்டை மடங்கியிருந்தாலோ, செய்தியே வந்து சேராவிட்டாலோ, பெட்டி ஓரங்கட்டப்பட்டு ஓர் ஊழியர் கையால் சரிபார்க்கும்வரை கிடக்கும். 2018 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானம், நான்கு இடங்களில் பெட்டியைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது: பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இடைமாற்றப் பகுதியில் ஒப்படைக்கும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது. அப்படியும் தவறுகள் நடக்கின்றன. விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சிட்டா நிறுவனத்தின் கணக்குப்படி, 2024இல் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் என்ற விகிதத்தில் கோளாறு நேர்ந்தது; தாமதமானவற்றில் 41 சதவீதம் இப்படி விமானம் மாற்றும்போது சிக்கியவை.

செலவு ஒன்றுதான் நிறுவனங்களின் தயக்கத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில், டொராண்டோ செல்லும் சி.பி. ஏர் விமானத்துக்கு வந்த ஒருவர், தம் பெட்டியை அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றி நேராக டெல்லிக்கே அனுப்பும்படி கேட்டார். ஏர் இந்தியாவில் அவருக்கு இடம் உறுதியாகியிருக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தார். விதிப்படி அப்படி அனுப்பக் கூடாது என்று கவுண்ட்டரில் இருந்த பெண் மறுத்தார். அவர் விடாமல் வாதிட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. இறுதியில் அந்தப் பெண் இணங்கிப் பட்டையை ஒட்டினார். பெட்டி போயிற்று, ஆள் ஏறவில்லை. டொராண்டோவில் அது ஏர் இந்தியாவின் பெட்டிகளோடு சேர்ந்தது. மறுநாள் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், அந்தப் பெட்டியிலிருந்த குண்டால் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அதே நாளில் வான்கூவரிலிருந்து சி.பி. ஏர் விமானத்தில் டோக்கியோவின் நரிடா நிலையத்துக்கு வந்து, பாங்காக் செல்லும் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த இன்னொரு பெட்டி தரையிலேயே வெடித்து, பெட்டி இறக்கும் ஊழியர்கள் இருவரைக் கொன்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1988 டிசம்பர் 21 அன்று, ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 103ஆம் எண் விமானம் வெடித்து 270 பேர் இறந்தனர். அந்த வெடிகுண்டும் மால்டாவிலிருந்து வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், ஆள் துணையின்றி வந்து, பிராங்க்பர்ட்டில் பான் ஆமுக்கு மாறிய பெட்டியில் இருந்ததாகவே 2001இல் தீர்ப்பளித்த ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பயணி ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டியும் போகக் கூடாது என்ற இன்றைய விதிக்குப் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன. விமானம் கிளம்பும் நேரத்தில் "ஒரு பயணி வரவில்லை, அவருடைய பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறோம்" என்ற அறிவிப்பைக் கேட்டு நாம் சலித்துக்கொள்வதும் இந்த விதியால்தான். வேறொருவரின் டிக்கெட்டில் வரும் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், அந்தப் பயணி தன் விமானத்திலும் ஏறினாரா என்பதைப் பெட்டியோடு ஒட்டவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே டிக்கெட்டில் கணினி அதைத் தானே செய்துவிடும். இரண்டு டிக்கெட்டுகளில் யாராவது ஒருவர் கையால் செய்ய வேண்டும். கவுண்ட்டரில் "முடியாது" என்று சொல்பவரின் மேல் எனக்கு முன்பிருந்த கோபம், வான்கூவர் கவுண்ட்டரில் நடந்ததைப் படித்த பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இனி அந்தப் பெரியவர் கோலாலம்பூரில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பார்ப்போம். ஏர்ஏசியா இறங்குவது இரண்டாம் டெர்மினலில்; 2014இல் திறக்கப்பட்ட கட்டடம். அவர் அடுத்து ஏற வேண்டிய மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்புவது முதல் டெர்மினலில். இரண்டுக்கும் மூன்றெழுத்துக் குறி ஒன்றுதான், ஆகையால் டிக்கெட் தேடும் இணையதளத்தில் இது ஒரே விமான நிலையம். காலால் நடப்பவருக்கு இரண்டு. அவர் இறங்கி, நீண்ட நடைபாதைகளைத் தாண்டி, இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, கடைவீதி போன்ற கட்டடத்தின் வழியாக ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். ரயிலில் சில நிமிடப் பயணம்தான். ஆனால் ரயிலுக்குக் காத்திருப்பது, முதல் டெர்மினலில் மேல்தளத்துக்கு ஏறுவது, அங்கே புதிதாக வரிசையில் நின்று பெட்டியைப் போடுவது, மறுபடி இமிகிரேஷன், மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு மணி நேரம் மிகச் சாதாரணமாகப் போய்விடும். இதற்குள் இன்னொரு கெடு இருக்கிறது: சர்வதேச விமானங்களில் பெட்டி போடும் கவுண்ட்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடப்படும். ஆகவே மூன்று மணி நேர இடைவெளி என்று காகிதத்தில் தெரிவது உண்மையில் இரண்டு மணி நேரம்தான். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் கணக்கு அப்போதே முடிந்துவிடும். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நான் எடுக்க மாட்டேன்; முதியவர்கள் என்றால் இரவு தங்கிப் போவதே மேல் என்பேன்.

ஒரே டிக்கெட்டில் இந்தக் கணக்கை நிறுவனங்களே போட்டுவிடுகின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' ஒன்று வகுக்கப்பட்டு, டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபடுத்திப் பதிவாகியிருக்கிறது. அதற்குக் குறைவான இடைவெளியில் ஒரே டிக்கெட்டை விற்க முறை இல்லை. தனித்தனியாக வாங்குபவருக்கு அந்தக் காவல் கிடையாது. லண்டனில் கியாட்விக்கில் இறங்கி ஹீத்ரோவில் ஏறுவது போலவும், நியூயார்க் பகுதியில் நியூவார்க்கில் இறங்கி ஜே.எஃப்.கே.யில் ஏறுவது போலவும், நகரத்துக்குக் குறுக்கே போக வேண்டிய இணைப்புகளைக் கூட அவர் தமக்குத் தாமே விற்றுக்கொள்ளலாம்.

பெட்டியை எடுப்பது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது என்று பொருள். அதற்கு அந்த நாட்டின் அனுமதி வேண்டும். திருச்சிப் பெரியவருக்கு இதில் சிக்கல் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விசா இல்லாமல் 30 நாள் தங்க மலேசியா 2023 டிசம்பர் முதல் அனுமதித்து, அதை 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறது. முன்கூட்டியே இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். மற்ற நாடுகளில் இவ்வளவு சுலபம் இல்லை. பிரிட்டனில், இமிகிரேஷனைத் தாண்டாமல் விமானம் மாறுபவருக்கு ஒரு வகை டிரான்சிட் விசா, தாண்டி வெளியே வந்து மாறுபவருக்கு வேறொரு வகை. பெட்டியை எடுக்க வேண்டியவர் இரண்டாம் வகையில் சேர்ந்துவிடுகிறார். பொதுவான ஒரே விசா முறையைக் கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் நிலைமை இன்னும் கடினம். இலங்கைக் கடவுச்சீட்டு, வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே விமான நிலைய டிரான்சிட் விசா தேவைப்படும் பொதுப்பட்டியலில் இருக்கிறது; அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் விசாவோ வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்குத்தான் விலக்கு. விலக்குப் பெற்றவர் கூட, பெட்டியை எடுக்க வெளியே போக வேண்டுமென்றால், முழு ஷெங்கன் விசா இல்லாமல் முடியாது. இது இடைநிலையத்தில் தெரியவரும் விஷயம் கூட அன்று. தகுந்த விசா இல்லாத பயணியைக் கொழும்பிலோ சென்னையிலோ ஏற்றவே மாட்டார்கள், ஏற்றினால் அபராதம் விமான நிறுவனத்துக்கு.

ஒரே டிக்கெட் எடுத்தவரும் முற்றாகத் தப்புவதில்லை. அமெரிக்காவுக்குள் முதலில் இறங்கும் நிலையத்தில், பட்டையில் கடைசி ஊரின் பெயர் இருந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர எல்லாரும் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி, வெளியே உள்ள பெல்ட்டில் திரும்பப் போட வேண்டும். அபுதாபி வழியாகப் போகிறவர்கள், அங்கேயே 2014 முதல் இயங்கும் அமெரிக்க இமிகிரேஷன், சுங்கச் சோதனையை முடித்துவிடுவதால், உள்நாட்டுப் பயணி போல இறங்கலாம். இந்தியாவிலும் பெரும்பாலும் இதே முறைதான்: வெளிநாட்டிலிருந்து டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கு வருபவர், முதல் நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டிப் போட வேண்டியிருக்கும். மதுரைக்கு என்று பட்டை ஒட்டியாயிற்றே என்று நேராகப் போய் விமானத்தில் ஏறிவிட்டு, மதுரையில் பெல்ட் நின்ற பிறகு திகைப்பவர்கள் உண்டு.

எடை விஷயத்தில் தனித்தனி டிக்கெட் நேரடியாகப் பணத்தைப் பிடுங்கும். கனடா, அமெரிக்கப் பயணங்களில் பல நிறுவனங்கள் தலா 23 கிலோ கொண்ட இரண்டு பெட்டிகளை அனுமதிக்கின்றன. டொராண்டோவிலிருந்து ஒரே டிக்கெட்டில் திருச்சி வருபவருக்கு அந்த அளவே கடைசிவரை செல்லும் என்பதுதான் ஐயாட்டா விதியின் பொதுப்போக்கு. சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து மலிவு விமானத்தில் இன்னொன்று என்றால், 46 கிலோவோடு வந்து இறங்குபவர் 20 கிலோவுக்கு மட்டும் பணம் கட்டியிருப்பார். மீதி 26 கிலோவுக்குக் கவுண்ட்டரில் கேட்கும் தொகை சில வேளைகளில் டிக்கெட் விலையையே மிஞ்சும். பெட்டிக்கான எடையை இணையத்தில் முன்பே வாங்கிவிடுவது பல மடங்கு மலிவு. (தனித்தனி டிக்கெட்டில் ஒரே ஒரு வசதி உண்டு: முதல் நிலையத்துக் கடையில் வாங்கிய வாசனைத் தைலத்தையோ, அம்மா கையில் கொடுத்துவிட்ட ஊறுகாய் பாட்டிலுக்குத் துணையாக வாங்கிய தேன் பாட்டிலையோ, நடுவில் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துக்கொள்ளலாம், கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது என்ற விதி அதைப் பறிக்காது.)

பெட்டி வந்து சேராவிட்டால் யாரைக் கேட்பது என்பதிலும் டிக்கெட்தான் தீர்மானிக்கிறது. 1999இல் கையெழுத்தாகி, இந்தியா 2009இல் சேர்ந்துகொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, ஒரே பயணமாகக் கருதப்படும் தொடர்ப் பயணத்தில் பெட்டிக்காக முதல் நிறுவனத்தையோ, கடைசி நிறுவனத்தையோ, பெட்டி யார் கையில் இருந்தபோது தொலைந்ததோ அந்த நிறுவனத்தையோ கேட்கலாம். நடைமுறையில் கடைசியாக வந்திறங்கிய நிறுவனத்தின் கவுண்ட்டரில்தான் புகார் எழுத வேண்டும். நிலையத்தைவிட்டு வெளியேறுமுன் எழுதிவிட வேண்டும். நிலையத்தின் மூன்றெழுத்து, நிறுவனத்தின் ஈரெழுத்து, பின் ஐந்து இலக்கம் என்று பத்து குறிகள் கொண்ட ஒரு புகார் எண் தருவார்கள். அது இல்லாமல் பின்னர் யாரும் பேச மாட்டார்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் இரண்டாயிரம் அமெரிக்க டாலர். தனித்தனி டிக்கெட்டில் இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டும் வாய்ப்புக் குறைவு. பெட்டி யார் கையில் இருந்தது என்பதில் ஐயமே எழாது. ஆனால் முதல் நிறுவனம் தாமதமாகத் தந்த பெட்டியால் இரண்டாம் விமானம் தவறினால், அந்த இழப்பு பெரும்பாலும் பயணியின் தலையில்தான் விடியும்.

விமானம் தவறும் இடத்தில்தான் வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிகிறது. ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதித்து அடுத்ததை விட்டால், கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் ஒழுங்குமுறையின்கீழ், தாமதத்தை இடைநிலையத்தில் அல்ல, கடைசி ஊரில்தான் அளக்க வேண்டும் என்று அதன் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. தனித்தனி டிக்கெட்டில், இரண்டாம் நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் தாமதமானவர் அல்லர், வராதவர். வராதவரின் டிக்கெட்டில் மீதமிருக்கும் பயணங்களையும் பல நிறுவனங்கள் சேர்த்தே ரத்து செய்துவிடும். கோலாலம்பூரிலிருந்து மெல்பர்னுக்குப் போகவரச் சேர்த்து எடுத்த டிக்கெட்டில் போகும் விமானத்தைத் தவறவிட்டுவிட்டு, புதிதாக ஒருவழி டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தவர், மூன்று மாதம் கழித்துத் திரும்பும் நாளன்று கவுண்ட்டரில் போய் நிற்கும்போதுதான், திரும்பும் டிக்கெட்டும் அன்றைக்கே போய்விட்டது என்று அறிவார். தவறவிட்ட அன்றே, கவுண்ட்டர் மூடுமுன், அந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு திரும்பும் பயணத்தையாவது காப்பாற்றித் தரக் கேட்பது வீண் போகாது. பயணக் காப்பீடு எடுத்திருந்தால், தனித்தனி டிக்கெட்டுகளுக்கிடையே தவறும் இணைப்பையும் அது ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும், பல பாலிசிகள் ஏற்பதில்லை.